சீர் செய்துவிட்டால் பங்கு போய்விடுமா? சேலத்து முஸ்லிம் வீடுகளின் உறவுமுறை பற்றி

உங்கள் கேள்வி நான்கு கேள்வி மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். சேலம் கோட்டைப் பக்கம் இருக்கும் உங்கள் தோழி வீட்டில் மாமா மகனுக்குப் பெண் கொடுக்கிறார்கள், ஆனால் தாய்மாமன் அக்கா மகளைக் கட்டுவது மட்டும் கூடவே கூடாது என்கிறார்கள். அதே தெருவில் உருது பேசும் இன்னொரு வீட்டில் பெரியப்பா மகனையே கட்டியிருக்கிறார்கள். தோழியின் மூன்று அண்ணன்களும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் இருக்கிறார்கள். இப்போது அத்தா (தந்தை) மவுத்தான (இறந்த) பிறகு, "கல்யாணத்துக்கு நகையும் சீரும் செஞ்சாச்சு, நம்ம மார்க்கத்துல பொண்ணுக்கு அதோட சரி" என்று சொல்லித் தோழியிடம் விடுதலைப் பத்திரத்தில், அதாவது பங்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துக் கேட்கிறார்கள். இதில் எது மார்க்கம் (இஸ்லாமிய நெறி), எது ஊர் வழக்கம் என்பதைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் சேலத்து ராவுத்தர் குடும்பத்தில் பிறந்தவள். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இங்கே சிவில் வழக்குகள் நடத்துகிறேன். அதில் பெரும்பகுதி பாகப்பிரிவினையும் வாரிசு வழக்கும்தான். நான் சொல்வது சேலம் நகரம், ஏற்காடு, சுற்றியுள்ள ஊர்களில் பார்த்ததை வைத்து. சட்டத்தைப் பற்றி உறுதியாகப் பேச முடியும். மார்க்கத் தீர்ப்பு என்று வரும் இடத்தில் உங்கள் தோழி தன் மஹல்லா ஹஜரத்திடம் (தன் பகுதிப் பள்ளிவாசலின் மார்க்க அறிஞரிடம்) கேட்டுக்கொள்வதே முறை.

முதலில் ஒன்று. "முஸ்லிம் குடும்பம்" என்று ஒரே வகைக் குடும்பம் சேலத்தில் இல்லை. வீட்டில் தமிழ் பேசும் ராவுத்தர், லெப்பை குடும்பங்கள் இருக்கின்றன. தக்கினி உருது பேசும் சையது, ஷேக், பட்டாணிக் குடும்பங்கள் இருக்கின்றன. அரசின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் பட்டியலிலேயே தக்கினி முஸ்லிம், லெப்பை, ஷேக், சையது என்று தனித்தனிப் பெயர்கள் உண்டு. 2007இல் வந்த 3.5 சதவீத இட ஒதுக்கீடு அந்தப் பட்டியலுக்குத்தான். சேலம் சீமை 1792 வரை ஹைதர், திப்பு ஆட்சியில் இருந்தது. அந்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது. இங்கே உருது பேசும் பல குடும்பங்கள் அந்தக் காலத்துப் படையோடும் நிர்வாகத்தோடும் வந்ததாகச் சொல்வார்கள். ராவுத்தர்கள் குதிரைப் படையோடும் குதிரை வணிகத்தோடும் தொடர்பு சொல்வார்கள். திருமணிமுத்தாற்றங்கரை ஜாமிஆ மஸ்ஜிதில் திப்பு தொழுதார் என்பதும் இப்படி வழிவழியாக வரும் செய்தி. இவற்றை நான் மரியாதையோடு கேட்டுக்கொள்வேன். ஆனால் ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் பூர்வீகத்துக்கு ஆதாரமாக வைக்க மாட்டேன்.

பெண் கொடுத்து எடுப்பதில் இந்த இரண்டு பிரிவும் பிரியும் இடம் வேறு. ராவுத்தர் வீட்டில் அத்தாவின் அண்ணன் பெரியத்தா, தம்பி சின்னத்தா. அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் அண்ணன், தங்கச்சி. பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளும் அப்படியே. மாமா பிள்ளையும் அத்தாவுடன் பிறந்தவளின் பிள்ளையும்தான் முறை. மச்சான், மச்சி என்று சிறுவயதிலேயே கூப்பிட்டுப் பழகிவிடுவார்கள். இது அப்படியே தமிழ்நாட்டு உறவுமுறை. உங்கள் வீட்டிலும் இதேதான் இருக்கும். உருது பேசும் வீட்டில் சாச்சா (தந்தையின் சகோதரன்), ஃபுப்பு (தந்தையின் சகோதரி), மாமு (தாய்மாமன்), காலா (தாயின் சகோதரி) என்று நான்கு பக்கமும் தனித்தனிப் பெயர் உண்டு. அந்த நான்கு பக்கத்துப் பிள்ளைகளில் யாரை வேண்டுமானாலும் கட்டலாம். மார்க்கம் என்ன சொல்கிறது? குர்ஆனின் நான்காம் அத்தியாயம் 23ஆம் வசனத்தில் யாரைக் கட்டக் கூடாது என்ற பட்டியல் இருக்கிறது. தாய், மகள், சகோதரி, தந்தையின் சகோதரி, தாயின் சகோதரி, சகோதரன் மகள், சகோதரி மகள், பால் கொடுத்த தாய், பால்குடி சகோதரி, மாமியார், மனைவியின் மகள், சொந்த மகனின் மனைவி, ஒரே நேரத்தில் இரண்டு சகோதரிகள். இதற்கு முந்தைய வசனம் தந்தையின் மனைவியையும் விலக்குகிறது. பெரியத்தா மகள் இந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே பெரியத்தா மகளைத் தங்கச்சி என்று ஒதுக்குவது ராவுத்தர் வீட்டு வழக்கம், அவளைக் கட்டுவது பாவம் இல்லை. அக்கா மகள் பட்டியலில் இருக்கிறாள். அதனால் சுற்றிலும் எத்தனை வீடுகளில் தாய்மாமன் கட்டினாலும் முஸ்லிம் வீட்டில் அது நடக்காது. உங்கள் தோழி வீட்டார் சொன்ன இரண்டில் ஒன்று வழக்கம், மற்றது விதி. அவர்களுக்கு இரண்டும் ஒரே கனத்தில் தெரிகிறது, அவ்வளவுதான்.

சொந்தத்தில் கட்டுவது பற்றி ஒரு வார்த்தை. அனுமதி இருக்கிறது என்பது கட்டாயம் இருக்கிறது என்பதாகாது. நெருங்கிய உறவில் பிறக்கும் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு, பொதுவாக நூற்றுக்கு இரண்டு மூன்று என்று இருப்பது ஏறக்குறைய இரண்டு மடங்காகலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்திலேயே கட்டிவந்த வீட்டில் இன்னும் கூடும். குடும்பத்தில் ஏற்கெனவே காது கேளாமையோ ரத்தக் குறைபாடோ இருந்தால் நிச்சயத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுங்கள் என்று கட்சிக்காரர்களிடம் நானே சொல்லியிருக்கிறேன்.

மேலே சொன்ன பட்டியலில் பால் உறவு என்று ஒன்று வருகிறது. வெளியில் இருப்பவர்களுக்கு இது தெரிவதில்லை, உள்ளே இருப்பவர்களுக்கும் மறந்துபோகிறது. ஒரு பெண் இன்னொருத்தியின் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்தால் அந்தக் குழந்தைக்கு அவள் தாய், அவள் பிள்ளைகள் உடன்பிறப்புகள். இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஹனஃபி வழியில் ஒரு முறை குடித்தாலே போதும், ஷாஃபிஈ வழியில் ஐந்து முறை வேண்டும். சேலத்து ராவுத்தர்களும் உருது பேசுபவர்களும் ஹனஃபிகள். கூட்டு வீட்டில் இரண்டு மருமகள்கள் அடுத்தடுத்துப் பிரசவிக்கும்போது ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் குழந்தையை எடுத்து அணைத்துக்கொள்வது சாதாரணம். நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருக்கும்போதும் இப்படி நடக்கும். இருபது வருஷம் கழித்து அந்த இரு குழந்தைகளுக்குச் சம்பந்தம் பேசும்போதுதான் சிக்கல். ஒரு வீட்டில் மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகு நன்னி (பாட்டி) வாய் திறந்து சொன்னார். கல்யாணம் நின்றது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. பால் கொடுத்தால் பிறந்த தேதிக் குறிப்போடு அதையும் எழுதி வையுங்கள் என்று நான் எல்லா வீட்டிலும் சொல்வது அதனால்தான்.

இனி தாய்மாமன். சேலத்து ராவுத்தர் வீட்டு விசேஷத்தில் அவர் இடம் எவ்வளவு பெரியது என்று நீங்கள் பார்த்திருப்பீர்கள். பையனுக்குச் சுன்னத் என்றால் புது உடுப்பும் சீரும் அவர் கொண்டுவர வேண்டும். பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவர் வராமல் பேச்சே முடிவாகாது. மாமாவை அழைக்கிற விதத்தில் குறை வந்தது என்று பத்து வருஷம் பேசாமல் இருக்கும் குடும்பங்களை எனக்குத் தெரியும். ஷரீஅத் எனும் இஸ்லாமியச் சட்டத்தில் அவரைத் தேடினால் அநேகமாக எங்கும் இல்லை. பெண்ணுக்குப் பொறுப்பாளி தந்தை, தந்தையின் தந்தை, சகோதரன் என்று தந்தை வழியில்தான் போகும். வாரிசுரிமையிலும் தாய்மாமன் தூரத்து உறவு. கணவன் அல்லது மனைவி நீங்கலாக, விகிதம் குறிக்கப்பட்ட பங்குக்காரர்களோ தந்தை வழி ஆண்களோ இருக்கும்வரை அவருக்கு ஒன்றும் வராது. விசேஷத்துக்கு வராமலே இருந்த பெரியத்தா மகன் சட்டத்தில் வாரிசாக வந்து நிற்பான், தோளில் தூக்கி வளர்த்த மாமா வெளியே நிற்பார். எங்கள் வீடுகளில் பாசம் தமிழ் உறவுமுறையில் ஓடுகிறது, சொத்து அரபு உறவுமுறையில் ஓடுகிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் என் தொழில் நடக்கிறது. நிக்காஹ் எழுதும்போது மாமாவை வக்கீலாகவோ (பெண் சார்பில் பேசுபவராகவோ) சாட்சியாகவோ வைத்துப் பல வீடுகளில் அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்கிறார்கள். அது அழகான ஏற்பாடு என்று நினைக்கிறேன்.

பெண் கல்யாணம் ஆகி எங்கே போகிறாள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பெண்ணுக்கு வீடு கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வருவது வழக்கம். சேலத்தில் பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறாள், முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள், நாற்பது நாள் கழித்துத் திரும்புகிறாள். ஏற்காட்டில் கடை வைத்திருக்கும் குடும்பங்களில் நான் பார்த்தவை சம்பந்தம், பாகம் எல்லாம் கீழே சேலத்து உறவோடுதான் பேசுகின்றன. கழுத்தில் கருகமணி கட்டுவது, உருது வீட்டில் அதையே லச்சா என்பது, இதெல்லாம் ஊர் வழக்கம். நிக்காஹ் செல்லுபடியாக அது தேவையில்லை. தேவைப்படுவது இருவர் சம்மதமும் சாட்சிகளும். மஹர் கணவன் மேல் கடமை. மஹர் என்பது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தருவது. பெண் வீட்டார் தரும் கைக்கூலிக்கு மார்க்கத்தில் இடமே இல்லை, 1961 வரதட்சணைத் தடைச் சட்டப்படி குற்றமும்கூட. அந்தச் சட்டம் மஹரை மட்டும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது.

இப்போது அண்ணன்கள் மூவரும் ஒரே வீட்டில் இருப்பதற்கு வருவோம், இங்கேதான் விஷயம் இருக்கிறது. பார்ப்பதற்குக் கூட்டுக் குடும்பம். ஒரே உலை, ஒரே கடை, வரும்படி எல்லாம் அத்தா கையில். ஆனால் முஸ்லிம் சட்டத்தில் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற கருத்தே கிடையாது. பிறப்பால் யாருக்கும் உரிமை வராது. அத்தா உயிரோடு இருக்கும்வரை அவர் பெயரில் உள்ளது முழுக்க அவருடையது, பூர்வீகமானாலும் சரி, சம்பாத்தியமானாலும் சரி. அவர் மூச்சு நின்ற நொடியில் அது வாரிசுகள் எல்லாருக்கும் குறிப்பிட்ட விகிதத்தில் போய்விடும். பட்டா மாறவில்லை, பத்திரம் எழுதவில்லை என்பதால் நிற்காது. இது தெரியாமல் மூத்த மகன் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார்ந்து, இருபது வருஷ உழைப்பை அத்தா பெயரில் இருக்கும் கடையில் போட்டிருப்பான். அத்தா போன பிறகு தங்கச்சிக்கும் அதில் பங்கு என்றால் அவனுக்குப் பொறுக்காது. அவன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். உழைப்புக்கு ஒரு கணக்கு வேண்டும்தான். அதற்கு வழி அத்தா இருக்கும்போதே கூட்டு வியாபார ஒப்பந்தம் எழுதி அவனைப் பங்குதாரர் ஆக்குவது. தங்கச்சி பங்கை மறுப்பது அதற்கு வழியாகாது.

உங்கள் தோழி கணக்கையே போட்டுப் பார்ப்போம். அம்மா இருக்கிறார், மூன்று அண்ணன், ஒரு பெண் என்று எழுதியிருந்தீர்கள். அத்தாவின் பெற்றோர் உயிரோடு இல்லை என்று வைத்துக்கொள்கிறேன். இருந்தால் ஆளுக்கு ஆறில் ஒன்று முதலில் போய்க் கணக்கு மாறும். முதலில் அடக்கச் செலவு, பிறகு கடன். அம்மாவுக்குத் தர வேண்டிய மஹர் பாக்கி இருந்தால் அதுவும் கடன்தான், இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு உயில் இருந்தால் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை. மீதிச் சொத்தை எட்டாகப் பிரித்தால் அம்மாவுக்கு ஒன்று, அண்ணன்களுக்கு ஆளுக்கு இரண்டு, தோழிக்கு ஒன்று. மகனுக்குப் பாதி மகளுக்கு என்ற விதி அவ்வளவு துல்லியமாக வேலை செய்கிறது. அந்தப் பாதி போதுமா என்று நீங்கள் கேட்கலாம். அது தனி விவாதம். நான் தினமும் பார்ப்பது அந்தப் பாதியைக்கூடப் பெறாத பெண்களைத்தான்.

"சீர் செஞ்சாச்சு" என்பதற்குச் சட்டத்திலும் இடமில்லை, மார்க்கத்திலும் இல்லை. கல்யாணத்தில் கொடுத்த நகையைப் பங்கில் கழிக்கும் விதி ஷரீஅத்தில் கிடையாது. அது அத்தா தன் உயிர்க்காலத்தில் கொடுத்த அன்பளிப்பு. உண்மையில் இந்தப் பேச்சு பழைய ஊர் வழக்கம். பெண்ணுக்குச் சீர், ஆணுக்குச் சொத்து என்று சுற்றுப்புறம் முழுக்க இருந்ததை எங்கள் வீடுகளும் எடுத்துக்கொண்டன. 1937 ஷரீஅத் சட்டம் வந்ததற்கு ஒரு முக்கியக் காரணமே, இப்படிப் பெண்ணின் பங்கை விழுங்கிய வழக்கங்களை ஒதுக்கிவிட்டு மார்க்கச் சட்டத்தை வைப்பதுதான். அந்தச் சட்டத்தில் விவசாய நிலத்துக்கு விலக்கு இருந்தது. சென்னை மாகாணம் 1949இல் திருத்தம் கொண்டுவந்து அந்த விலக்கையும் நீக்கியது. அதனால் தோப்பு, காடு, கழனி எதுவானாலும் தோழிக்கு அந்த எட்டில் ஒன்று உண்டு.

விடுதலைப் பத்திரம் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். அத்தா உயிரோடு இருக்கும்போது மகள் "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்திருந்தால் அது பொதுவாகச் செல்லாது. இன்னும் வராத உரிமையை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அதற்காகப் பணம் பெற்றுக்கொண்டு, மற்றவர்களை நம்பவைத்திருந்தால், பிறகு வந்து பங்கு கேட்பதை நீதிமன்றம் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 1970களின் தொடக்கத்தில் வந்த ஒரு தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. அத்தா போன பிறகு எழுதுவது வேறு. அப்போது பங்கு அவளுடையது. தெரிந்து, விரும்பி எழுதிப் பதிவு செய்தால் செல்லும். பிறகு "தெரியாமல் போட்டேன்" என்று நிரூபிப்பது மிகக் கடினம். அண்ணன்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பெரும்பாலும் அவர்களே இதை மார்க்கம் என்று நம்பிக்கொண்டுதான் கேட்கிறார்கள். தாய்வீட்டுக்கு வரப்போக வேண்டும், அண்ணன் முகம் வேண்டும் என்று பெண்களும் போட்டுவிடுகிறார்கள். அந்தப் பயம் உண்மையானது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பெண் கணக்குத் தெரிந்து, மனசார விட்டுக்கொடுத்தால் அது அவள் உரிமை. கணக்கைச் சொல்லாமல் வாங்குவதுதான் தப்பு.

இன்னும் இரண்டு இடங்களில் இதே குழப்பம் வரும். மகன் தந்தைக்கு முன் இறந்துவிட்டால், இன்னொரு மகன் உயிரோடு இருக்கும்வரை, பேரனுக்குத் தாத்தா சொத்தில் தானாக ஒன்றும் வராது. அத்தா இல்லாத பிள்ளைக்கு இது பெரிய அடி. தாத்தா தன் காலத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்குள் உயில் எழுதலாம், அல்லது ஹிபாவாக (உயிரோடு இருக்கும்போதே தரும் கொடையாக) கொடுத்துக் கையில் ஒப்படைத்துவிடலாம். பெண் பிள்ளைகள் மட்டும் உள்ள வீட்டில் வேறு மாதிரி. மனைவி, இரண்டு மகள், ஒரு சகோதரன் என்றால் சொத்தை இருபத்துநாலாகப் பிரித்து மனைவிக்கு மூன்று, மகள்கள் இருவருக்கும் சேர்த்துப் பதினாறு, மீதி ஐந்து சகோதரனுக்கு. இது வேண்டாம் என்று நினைக்கும் தகப்பன்மார் உயிரோடு இருக்கும்போதே மகள்களுக்கு ஹிபா செய்வது சேலத்தில் இப்போது அதிகமாகியிருக்கிறது. ஹிபாவுக்குக் கொடுப்பதாகச் சொல்வது, ஏற்பது, கைவசம் ஒப்படைப்பது என்ற மூன்றும் வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டுப் பத்திரம் மட்டும் எழுதி வைத்த பலருடைய ஹிபா நீதிமன்றத்தில் விழுந்திருக்கிறது.

ஜமாஅத்தில் (பள்ளிவாசல் ஊர்ச் சபையில்) பேசி முடிக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் பங்கைச் சொன்னதும் அண்ணன்கள் இறங்கிவந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். வழக்கு வருஷக்கணக்கில் இழுப்பதை விட அது நல்லது. ஆனால் ஜமாஅத் தீர்ப்புக்கோ ஃபத்வாவுக்கோ (மார்க்க அறிஞர் தரும் கருத்துக்கோ) சட்ட பலம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அங்கே ஒத்துக்கொண்டதைப் பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்தால்தான் நிற்கும். தோழியை இப்போதைக்கு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். அத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், சொத்துகளின் வில்லங்கச் சான்று, அம்மாவின் நிக்காஹ் பதிவில் உள்ள மஹர் விவரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பார்க்கட்டும். செலவு முடியாது என்றால் சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.